அமுக்கி மூடிய பாக்ஸ்

வீடு கட்டுபவர்கள், மாடி எடுப்பவர்கள், பழைய ஒயரிங்கை மாற்றுபவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

சுவிட்ச் எந்தக் கம்பெனி, மேல்தகடு என்ன நிறம் என்று கடையில் அரை நாள் நிற்கிறோம். சுவருக்குள் போகிற பாக்ஸை மட்டும் யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. அது எலக்ட்ரீஷியன் பாடு, கொத்தனார் பாடு என்று விட்டுவிடுகிறோம். பூச்சு முடிந்தபின் அதைப் பெரிதாக்க வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். அதனால் பாக்ஸ் அப்படியே இருக்கிறது, ஒயர் மட்டும் வருஷா வருஷம் கூடுகிறது.

போன மார்கழியில் எங்கள் தெருவில் ஒரு வாடகை வீட்டில் கருகல் வாசனை. கைக்குழந்தை இருக்கிற வீடு. எலி செத்திருக்கும், பிளாஸ்டிக் எரிக்கிறார்கள் என்று இரண்டு நாள் ஓட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் பாத்ரூமுக்கு வெளியே இருந்த கீஸர் பிளக்கின் தகடு பழுப்பாக மாறியிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தவர் என் பழைய மாணவர், இப்போது வயர்மேன். கீஸருக்குத் தனி லைன் இழுக்காமல், அங்கிருந்தே வாஷிங் மெஷினுக்கும் அடுப்படிக்கும் லூப் எடுத்திருந்தார்கள். மூன்று பேஸ், மூன்று நியூட்ரல், மூன்று எர்த். ஆக ஒன்பது ஒயர் ஒரு சின்ன பாக்ஸுக்குள். சாக்கெட்டை வைத்து, இரண்டு ஸ்க்ரூவை முறுக்கி, அந்த அழுத்தத்திலேயே எல்லாவற்றையும் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். பேஸ் ஒயர் மாட்டிய டெர்மினல் கரியாகிவிட்டது.

"எம்.சி.பி. இருக்கே டீச்சர், ஏன் விழல?" என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. 2000 வாட் கீஸர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒயரை மடக்கி அமுக்கும்போது அது டெர்மினல் ஸ்க்ரூவிலிருந்து கொஞ்சம் நெகிழ்கிறது. அந்த இடத்தில் 0.2 ஓம் தடை வந்தால் போதும், 8.7ஐ 8.7ஆல் பெருக்கி, 0.2ஆல் பெருக்கினால் 15 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயனை மூடிய டப்பாவுக்குள் போட்டு வைத்த மாதிரி. கரண்ட் கூடவில்லை, அதனால் எம்.சி.பி.க்கு இது தெரியாது. ஒயர் நசுங்கி எர்த்தைத் தொட்டால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழும். லூஸ் கனெக்ஷனை அதுவும் கண்டுபிடிக்காது.

பழைய தேக்குப் பெட்டியும் ஹைலம் ஷீட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கையே போகும். பார்க்க அழகில்லை, ஆனால் ஒயர் மூச்சு விட்டது. இப்போது மாட்யூல் கணக்கு வந்துவிட்டது. சுவிட்சுக்கு ஒன்று, சாக்கெட்டுக்கு இரண்டு, ஆக மூன்று மாட்யூல் பாக்ஸ் என்று முடித்துவிடுகிறார்கள். அது முன்பக்கம் என்ன பொருந்தும் என்கிற கணக்கு. பின்பக்கம் எத்தனை ஒயர் வருகிறது என்பதை அது சொல்லாது.

அதற்கு ஐந்தாம் வகுப்பு கன அளவு பாடமே போதும். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் ஒவ்வொரு ஒயருக்கும் இவ்வளவு இடம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 14 கேஜ் ஒயருக்கு 2 கன அங்குலம், அதாவது சுமார் 33 கன சென்டிமீட்டர். 12 கேஜுக்கு 2.25 கன அங்குலம், சுமார் 37. நம்முடைய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இவை இரண்டுக்கும் நடுவில் வரும். பெரியதையே எடுத்துக்கொள்வோம். நாலு எர்த் ஒயர் வரை சேர்த்து ஒன்றாக எண்ணலாம். மாட்டுகிற சுவிட்ச், சாக்கெட் தொகுதிக்கு இரண்டு ஒயர் அளவு இடம்.

அந்தக் கீஸர் பாயின்ட்டை எண்ணுவோம். பேஸும் நியூட்ரலும் ஆறு, எர்த் ஒன்று, சாக்கெட்டுக்கு இரண்டு. ஆக ஒன்பது. ஒன்பதை 37ஆல் பெருக்கினால் 333. உள்ளளவு 10 செ.மீ. நீளம், 7 அகலம், 5 ஆழம் உள்ள பாக்ஸ் 350 கன சென்டிமீட்டர். தட்டுத்தடுமாறி இடம் போதும். ஆனால் அங்கே இருந்தது நாலரை அங்குலச் சுவர். ஆழமாகக் காடி வெட்டினால் சுவர் பொத்துக்கொள்ளும் என்று 4 செ.மீ. பாக்ஸ் வைத்திருந்தார்கள். 280தான். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போனதில் கிட்டத்தட்ட இரண்டு ஒயருக்கான இடம் போய்விட்டது. நம் ஊர் 16 ஆம்பியர் சாக்கெட்டின் பின்பக்கம் வேறு பருமன். ஆகவே இந்தக் கணக்கைக் குறைந்தபட்சம் என்றே வையுங்கள்.

எங்கள் மாடி வேலைக்கு வந்ததும் அதே மாணவர்தான். தெருவில் அத்தனையும் பார்த்த பிறகும், "டீச்சர், மூணு மாட்யூலே போதும், அமுக்கிடலாம்" என்றார்.

"அமுக்குறதுக்கு அது என்ன தம்பி, புளிச்சோத்து டப்பாவா? எத்தனை ஒயர்னு எண்ணிச் சொல்லு."

எண்ணினார். சிரித்துக்கொண்டே ஆறு மாட்யூல் பாக்ஸ் வாங்கி வந்தார். காலியாக இருக்கிற இடத்துக்கு மூடித் தகடு கிடைக்கிறது. விலை வித்தியாசம் சில பத்து ரூபாய். கீஸருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி லைன், அங்கிருந்து லூப் கிடையாது என்பதையும் அப்போதே பேசி முடித்தேன். பைப்பிலும் இதே கதைதான். மத்தியப் பொதுப்பணித் துறையின் அட்டவணைப்படி 20 மி.மீ. பைப்பில் 2.5 ஒயர் நேராகப் போனால் ஐந்து, வளைவு இருந்தால் மூன்று. நம் வீடுகளில் வளைவில்லாத பைப் எங்கே இருக்கிறது?

நம்ம காத்திவாக்கத்துக்கு இன்னொரு தொல்லை உப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. ஜி.ஐ. பாக்ஸின் ஓட்டை விளிம்பு துருப்பிடித்துக் கத்தி மாதிரி ஆகிவிடுகிறது. அமுக்கிய ஒயர் அதில்தான் போய் உரசும். ஓட்டைக்கு ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள். கடல் பார்த்த சுவருக்கு நான் தீப்பிடிக்காத ரகப் பி.வி.சி. பாக்ஸ்தான் போட்டேன். இரும்பு பாக்ஸ் போட்டால் பாக்ஸுக்கும் எர்த் கட்டாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் எண்ணெயோடு வந்ததே, அப்போது தண்ணீர் ஏறிய தரைத்தள பாக்ஸ்களை வெறுமனே காயவைத்து மூடியவர்கள் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சேறு உள்ளேயே இருக்கும்.

1970 முதல் 2017 வரை அனல்மின் நிலையம் ஓடிய ஊர் இது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தன் வீட்டு போர்டுக்குப் பின்னால் எத்தனை ஒயர் என்று கேட்டால் பெரியவர்களே விழிக்கிறார்கள்!

இப்போது தொட்டால் சுடுகிற தகடு, பழுப்புக் கறை, சாக்கெட்டுக்குள் சரசர சத்தம் இருந்தால் அந்த பாயின்ட்டை இன்றே நிறுத்திவிட்டு லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். எண்ணூர், காத்திவாக்கம் பக்கம் ஜி.ஐ. பாக்ஸ் போட்டவர்கள் எத்தனை வருஷம் தாங்கியது என்று கீழே எழுதுங்கள். மாணவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.