காலை 7, இரவு 7

எங்கள் பூனை மீனுவுக்கு வலிப்பு நோய். வலிப்பு வந்தால் அவளை அமுக்கிப் பிடிக்கமாட்டோம். வாய்க்குள் விரல் வைக்கமாட்டோம். படிக்கட்டால் உருளாதபடி தலையணைகளை வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்போம். 5 நிமிடம் தாண்டினால் உடனே மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும். தெளிந்த பிறகும் சிறிது நேரம் எங்களை அடையாளம் தெரியாமல் சுவரில் முட்டித் திரிவாள்.

12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பீனோபார்பிட்டால் குளிசை. திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். இரவு வேலை முடிந்து வரும் அப்பா காலைக் குளிசையைக் கொடுப்பார். இரவுக் குளிசை எங்கள் பொறுப்பு. வாலிபர் முகாமுக்கும் ஒருவரை வீட்டில் விட்டுவிட்டே போவோம். "ஒரு பூனைக்காகவா?" என்று கேட்பார்கள். அவளைச் சுகமாக்க எங்களால் முடியாது; நேரம் தவறாமல் இருக்க முடியும்.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் மருந்து எடுக்கும் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கலாம். இன்றிரவு குளிசை நேரத்தில் தண்ணீரோடு பக்கத்தில் போய் நில்லுங்கள்.