எல்லை தெரியாத வடகம்

செஞ்சிக்கு மேற்கே பாக்கம் மலைப் பக்கம் ஓடைகளாகத் தொடங்கும் சங்கராபரணிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஓரிடத்தில் செஞ்சியாறு, இன்னோரிடத்தில் வராகநதி. வீடூரில் தொண்டியாறு வந்து கலக்கும் இடத்தில் 1959இல் ஓர் அணை எழுந்தது. அதன் பாசனம் 3,200 ஏக்கர். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டுக்கு, 1,000 ஏக்கர் புதுச்சேரிக்கு. தண்ணீரை இப்படி ஏக்கர் கணக்கில் பங்கு போட்டுவிடலாம். அந்தத் தண்ணீரில் விளைந்ததைப் பொங்கித் தின்னும் அடுப்பைப் பங்கு போட முடியுமா? ‘பாண்டிச்சேரிச் சாப்பாடு’ என்று தனியாக ஒன்று இருப்பதாக நம்பி வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டி வருகிறவர்கள், முடியும் என்றுதான் நினைக்கிறார்கள். இந்த ஆற்றோடு மலையிலிருந்து கடல்வரை இறங்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வீட்டுச் சமையல் ஆற்றின் போக்கில் போகிறது; மது எல்லைக்கோட்டின் போக்கில் போகிறது; வெளியே போய்ச் சாப்பிடுவது மதுவின் பின்னால் போகிறது. இந்த மூன்றையும் ஒரே இலையில் பரிமாறிவிட்டு அதற்குப் பாண்டிச்சேரி என்று பெயர் வைத்துவிட்டோம்.

மேலாற்றில் செஞ்சி, திண்டிவனம் வட்டாரம் மானாவாரி பூமி. கம்பும் கேழ்வரகும் கூழாகும். ஆடியில் மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றுவார்கள். இந்த மண்ணின் பணப்பயிர் வேர்க்கடலை. இங்கே அதை வேர்க்கடலை என்று சொன்னால் அசலூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மல்லாட்டை என்பதுதான் பேச்சு. மணிலாக்கொட்டை என்ற பெயர் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. கடல் கடந்து வந்த பயிர் என்பதைப் பெயரே சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய்க்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெயும் சோப்பும் ஆனது. 1879இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்ததும் மூட்டைகளுக்கு வழி இன்னும் சுலபமாயிற்று. பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் உணவு வகையில் இருந்த பெரிய உறவு என்று நான் எண்ணுவது இந்த மூட்டைகளைத்தான். சமையல் குறிப்பு ஒன்றும் கைமாறவில்லை. செக்கில் ஆட்டி மிஞ்சிய எண்ணெய் மேலாற்று வீட்டிலும் கீழாற்று வீட்டிலும் ஒரே மாதிரி வாணலியில் காய்ந்தது.

அந்த எண்ணெயில் விழுகிற பொருள்தான் என் முதல் சாட்சி: தாளிப்பு வடகம். வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, பகலில் காயவைத்து, இரவில் மூடிவைத்து, மறுநாள் மறுபடி உருட்டி, நாட்கணக்கில் உலர்த்தி எடுக்கும் கருத்த உருண்டை. மீன்குழம்போ கருவாட்டுக் குழம்போ காராமணிக் குழம்போ, கடைசியில் ஒரு துண்டைக் கிள்ளிப் பொரித்துக் கொட்டினால்தான் முடிந்ததாகக் கணக்கு. தமிழ்நாட்டுச் செஞ்சியிலும் இதே உருண்டை, புதுச்சேரியின் திருக்கனூரிலும் இதே உருண்டை, வில்லியனூரிலும் இதே உருண்டை. கைப்பக்குவம் வீட்டுக்கு வீடு மாறும். மாநிலத்துக்கு மாநிலம் மாறாது. இந்த ஆற்றில் இல்லாத பாகூரை எடுத்துக்கொண்டாலும் இதே கதை. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டில் தமிழ்நாட்டை விட்டுப் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வருகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊரின் சோற்றுப் பானைக்கு உலைநீர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. எல்லை அடுப்பைத் தொடவில்லை என்று எப்படிச் சொல்லலாம், ரேஷன் கடை இல்லையா? நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டைக்கு இலவச அரிசி கிடைக்கிறது. புதுச்சேரியில் 2019இல் துணைநிலை ஆளுநருக்கும் முதல்வருக்கும் நடந்த இழுபறியின் முடிவில், அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்றாயிற்று. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்து, 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி அரிசி போட்டன. ஆற்றின் ஒரு கரையில் மூட்டை, மறு கரையில் குறுஞ்செய்தி. இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ளமாட்டேன். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது மாதக் கடைசியின் பசி. ஆனால் அது மாற்றியது அரிசியை யார் காசில் வாங்குவது என்பதை. வடித்த பிறகு அந்தச் சோற்றின்மேல் எதை ஊற்றுவது என்பதில் அரசாணைக்கு வேலையில்லை. மிஞ்சியதற்குத் தண்ணீர் ஊற்றிக் காலையில் கருவாட்டோடு சாப்பிடுவதிலும் இல்லை.

அரசாணையின் முழு பலத்தையும் பார்க்க வேண்டுமானால் ஆற்றோடு ஆரியபாளையம் வரை வரவேண்டும். வில்லியனூரை ஒட்டி, விழுப்புரம் சாலை ஆற்றைக் கடக்கும் இடம். அரசின் சாராய ஆலை இங்கேதான் இருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. பிரெஞ்சு ஆட்சிக்கு அதில் பங்கில்லை. 1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் பழக்கம் கைமாறவில்லை. தமிழ்நாட்டில் சாராயக் கடையும் கள்ளுக்கடையும் 1987இல் மூடப்பட்டன. கொம்யூன்கள் எனப்படும் புதுச்சேரியின் ஊராட்சிப் பிரிவுகளில் அவை ஏலம் போய்க்கொண்டிருந்தன. ஒரே பனை, ஒரே பாளை. ஒரு கரையில் வடித்தால் குற்றம், மறு கரையில் வடித்தால் வருமானம். வெளியூர்க்காரர்கள் குடிக்க இங்கே வருவது விலையின் வேலைதான் என்பதற்கு 2020 மே மாதம் புதுச்சேரியில் ஒரு சோதனையே நடந்தது. கொரோனா வரி என்று ஒன்றைப் போட்டு மதுவின் விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு உயர்த்தினார்கள். வெளியூர்க் கூட்டம் வற்றியது. அடுத்த ஆண்டு வரி போனது, கூட்டம் வந்தது. குழம்பின் ருசிக்காக வந்தவர்கள் என்றால் வரி அவர்களை ஏன் தடுக்க வேண்டும்?

கொம்யூன்களில் வெளியே சாப்பிடுவது என்பதை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு மேசை போட்டு உட்காரும் வழக்கம் கிராமத்தில் புதிது; பழைய வெளிச்சாப்பாடு என்றால் கல்யாணப் பந்தி, கோயில் கூழ், சந்தை நாளில் இட்லி. இவற்றுக்கு வெளியே மாலை நேரத்து வறுவல் எல்லாம் குடிக்கிற இடத்தின் வாசலில் பிறந்தது: அவித்த முட்டை, சுண்டல், போட்டி, ரத்தப் பொரியல், மிளகாய்த்தூள் தூக்கலான மீன். உப்பும் காரமும் கூடுவதற்குக் காரணம் சமையல் மரபில் இல்லை, குவளையில் இருக்கிறது. எல்லையோரச் சாலைகளில் மதுக்கடையும் பரோட்டாக் கடையும் ஒட்டி நிற்பது வாடகைக் கணக்கு. இந்தத் தட்டுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஈரல் வறுவலில் கை தேர்ந்தவர்கள் அங்கே உண்டு. ஆனால் அதே ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது வேறு சாப்பாடு.

பிரெஞ்சுக் கலப்புச் சமையலை மறந்துவிட்டாய் என்பது அடுத்த மறுப்பு. மறக்கவில்லை. நகரத்துக் கிரெயோல் வீடுகளில் அது உண்மையாகவே இருந்தது, இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெறும் சொல்தாக்களின் வீடுகள் கிராமங்களிலும் உண்டு. அலமாரியில் ஒயின் புட்டியும் இருக்கலாம். ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. பிரான்சின் பர்கண்டியில் மாட்டிறைச்சியை வேகவைப்பதே அந்த ஊர்ச் சிவப்பு ஒயினில். விளைந்த இடத்தில் மது சட்டிக்குள் இறங்கும். இங்கே ஒயின் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தும் கிராமத்துச் சட்டிக்குள் இறங்கவில்லை; புளி இருந்த இடத்தில் அதற்கு வேலையும் இல்லை. எதிர்த்திசையில்தான் பயணம் நடந்தது. நம் வடகம் ‘வதூவான்’ ஆகிப் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் மசாலா டப்பாவில் ஏறிவிட்டது. விளக்கெண்ணெய் வாடையைக் கழித்துவிட்டு, தூளாக்கி, விலையை ஏற்றி விற்கிறார்கள்.

வில்லியனூரைத் தாண்டித் திருக்காஞ்சிப் படித்துறையைக் கடந்ததும் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை சுண்ணாம்பாறாகப் படகுக் குழாமுக்குப் போகிறது. மறு கை அரியாங்குப்பம் ஆறாக அரிக்கமேட்டை உரசிப் போகிறது. தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. கெளுத்தியும் விராலும் போய் மடவையும் இறாலும் நண்டும் வந்தாயிற்று. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமானிய ஒயின் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் புறநானூற்றில் பாண்டிய மன்னனுக்குப் பரிந்துரைக்கிறார். ஆகவே மதுவுக்கு உள்ளூரிலும் வாய்கள் இருந்தன, அதுவும் அரண்மனை வாய்கள். பிறகு விமலா பெக்லியின் ஆய்வுக் காலத்தில் அந்தச் சாடிகளை எலிசபெத் லைடிங் வில் வகைபிரித்தார். எல்லாமே ஒயினுக்கானவை அல்ல; சிலவற்றில் ஆலிவ் எண்ணெய் வந்திருக்கிறது, சிலவற்றில் ‘கரும்’ என்ற ரோமானிய மீன்சாறு. வலை வீசினால் மீன் கொட்டும் முகத்துவாரத்துக்கு, மத்தியதரைக் கடலிலிருந்து ஊறவைத்த மீன்! தமிழர் கேட்டு வந்த சரக்காக அது இருக்க முடியாது. ஊர்விட்டு வந்த சிலர் தங்கள் வீட்டு ருசியைக் கப்பலில் வரவழைத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் அந்தச் சாறும் போயிற்று. சாடிகள் உடைந்து மண்ணுக்குள் கிடந்தன. மேட்டுக்குப் பக்கத்துக் கரைகளில் நெத்திலியைக் காயப்போடுவது நிற்கவில்லை. காய்ந்த நெத்திலி கூடையில் ஏறி, பேருந்தில் ஆற்றுக்கு எதிர்த்திசையில் வில்லியனூருக்கும், சந்தை நாளில் மதகடிப்பட்டுக்கும் போகிறது. அங்கிருந்து எல்லை தாண்டிப் போவதற்கு அதனிடம் யாரும் வரி கேட்பதில்லை.