மங்கலும் ஒரு சான்று

பழையதைப் புதிதாக்கிப் பார்க்க விழைவது மனித இயல்பு. ஆயினும், அரிய கைக்கடிகாரங்களைப் பொறுத்தவரை அவ்விழைவே கேடாய் முடிவதுண்டு.

தந்தை விட்டுச் சென்ற ரோலெக்ஸ் கடிகாரத்தை விற்க முனையும் மகன் ஒருவன், அதற்கு மெருகிட்டு, மங்கிய முகப்புக்குப் புதுப்பூச்சும் பூசுவிக்கிறான். மதிப்பு உயரும் என்பது அவன் எண்ணம். வல்லுநரோ உருப்பெருக்காடி கொண்டு நோக்கியதும் விலையைக் குறைக்கிறார். ஏன்?

மெருகிடுந்தோறும் உலோகம் தேய்கிறது. உறையின் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. முகப்போ இன்னும் நுட்பமான சான்று. 1970களில் அக்கடிகாரங்களின் முகப்பிலும் முட்களிலும் டிரிட்டியம் கலந்த ஒளிப்பூச்சு இடப்பட்டது. டிரிட்டியத்தின் கதிரியக்கம் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே, அக்காலக் கடிகாரம் இன்று இருளில் பளிச்சென ஒளிர்ந்தால் ஐயுறுதல் வேண்டும்; பிற்காலத்தில் எவரோ பூசிய பூச்சாக அது இருக்கலாம். தொடர் எண், உள்ளிருக்கும் பொறி, முகப்பு ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சுட்டுதல் வேண்டும்.

நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலெக்ஸ் டேடோனா, 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் விலைபோயிற்று. கவனமாக வண்டி ஓட்டுமாறு அவர்தம் மனைவி பின்மூடியில் பொறிப்பித்த சொற்கள் அழியாதிருந்தன.

மெருகிட்ட மகன் இழந்தது விலையை மட்டுமன்று. தந்தையின் கைபட்டுத் தேய்ந்த தடத்தையும் அவன் இழந்தான்.