தலைநகரம் எழுந்து போன ஊர்

தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, குலசேகரம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போனால் பத்மநாபபுரம் அரண்மனை. நீங்கள் நிற்கிற மண் தமிழ்நாடு. ஆனால் உள்ளே டிக்கெட் கிழிப்பவரிலிருந்து அறை அறையாக நின்று விளக்கம் சொல்பவர் வரை கேரள அரசின் ஆட்கள். அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. முதல்தடவை வருபவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிப் போய்விட்டது. தலைநகரம் என்ற ஒன்று இடம் மாறும்போது எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது, எதையெல்லாம் போட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டுமானால், குமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது.

திருவிதாங்கூரின் தலைநகரம் இது. அப்போது ஊரின் பெயர் கல்குளம். மார்த்தாண்ட வர்மா அரண்மனையை விரிவாக்கிக் கட்டினார். 1750-ல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்தார். ஊரும் பத்மநாபபுரம் ஆயிற்று.

அரண்மனையில் எல்லோரும் கட்டிலையும் தூண்களையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் மந்திரசாலையில் கொஞ்சம் நில்லுங்கள். ராஜா மந்திரிகளோடு உட்கார்ந்து ஆலோசனை செய்த மாடி அறை. ஜன்னல்களில் வண்ண வண்ண மைக்கா தகடுகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரு மங்கலான குளிர்ச்சி. தரை கண்ணாடி மாதிரி பளபளக்கும். இன்றைய பாஷையில் சொன்னால் இதுதான் தலைமைச் செயலகம். அதைத் தாண்டிப் போனால் ஊட்டுப்புரை. இரண்டு தளங்கள், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். மூலையில் ஆள் உயர ஊறுகாய்ப் பரணிகள். அந்தப் பரணிகளைப் பார்க்கும்போதுதான் ஒரு தலைநகரம் எத்தனை வயிறுகளுக்குச் சோறு போட்டது என்பது உறைக்கும். கணக்கெழுதுபவர், காவல்காரர், விறகு வெட்டி, இலை கொண்டு வருபவர், பால்காரர் என்று ஒரு ஊரே இதை நம்பிப் பிழைத்திருக்க வேண்டும்.

1795-ல் அது எழுந்து போயிற்று. தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. காரணம் புரியக்கூடியதுதான். மார்த்தாண்ட வர்மா கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே நாட்டை நீட்டிக்கொண்டே போனதில், பத்மநாபபுரம் தெற்கு ஓரத்தில் தனியாக நின்றுவிட்டது. ராஜா போனார். ஆனால் அலுவலகங்களெல்லாம் அவரோடு திருவனந்தபுரத்தில் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிடவில்லை. ஹஜூர் கச்சேரி என்ற தலைமை அலுவலகம் கொல்லத்தில் இருந்தது. ஸ்வாதித் திருநாள் காலத்தில்தான் அது திருவனந்தபுரத்துக்கு வந்தது. ராஜா ஓரிடம், கோப்பு வேறிடம். அந்த நாளில் அங்கே வேலை பார்த்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்!

அதன்பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக, படித்த நாஞ்சில் நாட்டுப் பையனுக்கு உத்தியோகம் என்றால் திருவனந்தபுரம்தான். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள். அங்கே வேலை, இங்கே வயலும் வீடும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் இந்த வழியில் போனவர்தான். நாகர்கோவில் பக்கம் ஆசிரியர் வேலை, பிறகு திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரி, ஓய்வு பெற்றதும் புத்தேரிக்குத் திரும்பி வந்தார். அலுவலக மொழி மலையாளமும் இங்கிலீஷும், வீட்டு மொழி தமிழ், பத்திரத்தில் கொல்லம் ஆண்டு. வழக்கு வார்த்தைகளிலும் அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற ஜில்லாக்களில் கர்ணம், மணியக்காரர் என்றால், இங்கே பழைய ஆட்களுக்கு அவர் பார்வத்தியக்காரர்.

பிறகு 1956 நவம்பர் 1.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த நீண்ட போராட்டம். 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சேர்ந்தது நியாயம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் விழா மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. அன்று காலையில் யாரும் வீட்டை விட்டு நகரவில்லை. தலைநகரம்தான் நகர்ந்தது. எழுபது கிலோமீட்டரில் இருந்தது, எழுநூறு கிலோமீட்டருக்குப் போய்விட்டது.

பூதப்பாண்டியில் வீடு, திருவனந்தபுரத்தில் கிளார்க் வேலை என்று இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். இனி அவர் எந்த அரசின் ஊழியர்? குழித்துறை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய மலையாளி வாத்தியார் எங்கே போவார்? யார் எந்த மாநிலத்துக்கு என்று முடிவு செய்யும் அதிகாரத்தை மாநில மறுசீரமைப்புச் சட்டம் மத்திய அரசிடம் கொடுத்தது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் ஊழியருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்றும் அதில் எழுதி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் இங்கிருந்த பதவி அங்கே எதற்குச் சமம், சீனியாரிட்டி பட்டியலில் யாருக்குப் பின்னால் யார் என்ற கேள்விகள் நாடு முழுக்கக் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுத்தன.

பயணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அப்போது நாகர்கோவிலில் ரயிலே கிடையாது. திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரயில் பாதை வந்ததே 1979-ல். திருநெல்வேலியோடு இணைந்தது 1981-ல். அதுவரை சென்னையில் ஒரு கோப்பைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால், ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் ராத்திரி முழுக்க எழும்பூர். முன்பு காலை பஸ்ஸில் போய் அந்திக்கு வீடு திரும்பிய வேலைக்கு, மூன்று நாள் லீவு. ஹைகோர்ட் வழக்குக்கும் அதே ஓட்டம்தான், 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும்வரை.

இடையில் ஒரு ஆசை காட்டினார்கள். 1983 வாக்கில் முதல்வர் எம்.ஜி.ஆர். தலைநகரத்தைத் திருச்சிக்கு மாற்றலாம் என்றார். நடந்திருந்தால் நமக்குப் பாதி தூரம் மிச்சம். சென்னையில் வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருந்த செயலக ஊழியர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது வேறு கதை. திட்டம் அப்படியே நின்றுபோனது.

காஷ்மீரில் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1872-ல் தொடங்கிய வழக்கம்: கோடையில் ஸ்ரீநகர், குளிரில் ஜம்மு. கோப்புகளை லாரியில் ஏற்றி, ஊழியர்களும் கூடவே கிளம்பிவிடுவார்கள். வீண் செலவு என்று 2021-ல் நிறுத்தியபோது வருத்தப்பட்டவர்களில் ஜம்மு கடைக்காரர்களும் உண்டு. ஊழியர் குடும்பம் வந்தால்தானே குளிர்கால வியாபாரம்!

பத்மநாபபுரத்துக்கு அந்த வியாபாரம் திரும்பவே இல்லை. கோட்டைச் சுவரும் தெருக்களும் இருக்கின்றன. சப்-கலெக்டர் ஆபீஸ் ஒன்று இருக்கிறது. பஜார் சத்தமெல்லாம் தக்கலையில். ஆனால் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். தலைநகரம் இங்கேயே இருந்திருந்தால் இந்த மர மாளிகையை எப்போதோ இடித்து ஆறு மாடி கட்டியிருப்பார்கள்.

1795-ன் கணக்கு இன்னும் ஒரு விஷயத்தில் தீராமல் இருக்கிறது. நவராத்திரி பூஜையும் தலைநகரத்தோடு திருவனந்தபுரம் போய்விட்டது; சரஸ்வதி இங்கேதான் இருக்கிறாள். அதனால் வருஷா வருஷம் அவள் கிளம்பியாக வேண்டும். தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேல், கூடவே வேளிமலை குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்ததும் ஊர்வலம் புறப்படும். இரண்டு மாநில போலீஸும் மரியாதை அணிவகுப்பு. முதல் இரவு குழித்துறை, களியக்காவிளை தாண்டி மறு இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அங்கே சரஸ்வதிக்குக் கோட்டைக்ககத்து நவராத்திரி மண்டபம், முருகனுக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை என்று தங்குமிடம்கூடத் தனித்தனி. பூஜை முடிந்ததும் அதே சாலையில் ஊர் திரும்புவார்கள். வழி நெடுக வாழைக்குலையும் நிறைபறையும் வைத்து ஜனங்கள் காத்திருப்பார்கள்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நவராத்திரிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே தக்கலைக்கு வந்துவிடுங்கள். உடைவாள் கொடுப்பது காலையில். நேரம் கழித்துப் போனால் யானையின் வால்தான் தெரியும். அரண்மனையை மட்டும் சாவகாசமாகச் சுற்ற வேண்டும் என்பவர்கள் மற்ற நாட்களில் வரலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.