ஓமத்தண்ணியும் 24 மணி நேரமும்

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா அம்மா ஆறு மாதம் உன் வீட்டில் வந்து இருப்பதற்கு நீ அனுப்பிய இரண்டு இன்ஷூரன்ஸ் விலையையும் பார்த்தேன். ஒன்று 850 டாலர், இன்னொன்று 2,300. "ரெண்டும் இன்ஷூரன்ஸ்தானக்கா, எதுக்குக் கூடக் குடுக்கணும்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், இல்லாவிட்டால் இங்கே பால் பொங்கிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ரேவதியும் படிக்கட்டும். நீ ஆபீஸ் போன பிறகு கைக்குழந்தையோடு அப்பா அம்மாவுக்குத் துணையாக இருக்கப்போகிறவள் அவள்தான்.

அந்த 850 டாலர் பாலிசி, முன்பு நான் வாங்கி ஏமாந்த அதே ரகம். அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு ஜனவரி மாதம் வாசல் ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். பில் கதை தெரியாது. நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய், சொல்ல மனசு வரவில்லை. எமர்ஜென்சியில் ஐந்து மணி நேரம் இருந்தோம். எக்ஸ்ரே எடுத்து, எலும்பை இழுத்து வைத்து, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கவர் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பில், டாக்டருக்குத் தனி பில், எக்ஸ்ரேயைப் படித்தவருக்குத் தனி, எலும்பு டாக்டருக்குத் தனி. எல்லாம் சேர்ந்து 9,000 டாலருக்கு மேல். இன்ஷூரன்ஸ்காரன் கொடுத்தது 1,600கூட இல்லை. முன்பக்கத்தில் 50,000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே என்று சண்டைக்குப் போனேன். உள்ளே நாலாம் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றான். எமர்ஜென்சிக்குப் போனால் இவ்வளவு, எக்ஸ்ரேக்கு இவ்வளவு, ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரிசையாக இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை, நான்தான் படிக்கவில்லை.

இதைத்தான் ஃபிக்ஸட் பெனிஃபிட் என்கிறார்கள். மொய் மாதிரி என்று வைத்துக்கொள். கல்யாணத்துக்கு ஐந்து லட்சம் ஆனாலும் ஐம்பது லட்சம் ஆனாலும் பெரியப்பா எழுதுகிற மொய் 501 ரூபாய்தான். மீதியைக் கல்யாண வீட்டுக்காரன் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ அனுப்பியதிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது, 11ஆம் பக்கம் பார்.

2,300 டாலருக்குப் போட்டிருப்பது காம்ப்ரிஹென்சிவ். அதில் பட்டியல் கிடையாது. முதல் 250 டாலர் நம் கையிலிருந்து போகும், அதுதான் டிடக்டிபிள். அடுத்த 5,000 டாலர் வரைக்கும் அவர்கள் 80 பங்கு, நாம் 20 பங்கு. அதற்கு மேல் பாலிசித் தொகையான ஒரு லட்சம் வரை முழுக்க அவர்கள் பொறுப்பு. அதாவது கவர் ஆகிற நோயாக இருந்து, அவர்களோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்கே போனால், ஒரு ஆளுக்கு நம் கைச்செலவு 1,250 டாலரில் நின்றுவிடும். டிடக்டிபிள் ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரு தடவையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்பதை மட்டும் கேட்டுக்கொள். நீ அனுப்பியதில் ஒரு தடவை என்றுதான் இருக்கிறது. ஒரு லட்சம் போதுமா என்று கேட்பாய். இரண்டரை லட்சத்துக்கு எடுக்க முடிந்தால் அப்பாவுக்கு மட்டும் எடு. நெஞ்சுக்குள் கம்பி வைத்த மனுஷனுக்கு இந்த ஊரில் ஒரு லட்சம் பெரிய தொகை இல்லை.

இதை நீயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் படித்துக்கொள்வாய். நான் எழுத உட்கார்ந்தது அப்பாவைப் பற்றி.

போன வாரம் இன்ஷூரன்ஸ் பேச்சை எடுத்தேன். "எனக்கென்னட்டி கொள்ளை? கல்லுக்குண்டு மாதிரில்லா இருக்கேன். பென்ஷன்ல மாசம் 497 ரூவா பிடிக்கானே, அது எதுக்கு?" என்றார். பென்ஷன்காரர்களுக்கான அந்த இன்ஷூரன்ஸ் திட்டம் கடல் தாண்டி வராது என்று சொன்னதற்கு, "அப்ப ஏன் பிடிக்கான்?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

2019ல் மதுரையில் ஸ்டென்ட் வைத்ததை அவர் ஒரு நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. "அதான் சரி பண்ணியாச்சே" என்பார். பாலிசிக்காரனுக்கு அது ப்ரீ-எக்ஸிஸ்டிங், ஏற்கெனவே இருக்கிற நோய். பிரஷரும் சுகரும் அப்படித்தான். பெரும்பாலான விசிட்டர் பாலிசிகள் அவற்றுக்கு மாதாந்திர வைத்தியம் பார்க்காது. மாத்திரை தீர்ந்தால் தராது, செக்கப் பண்ணாது, வழக்கமான பல், கண் வைத்தியமும் கிடையாது. அதற்காக நான் சண்டை போடவில்லை. வழக்கமான வைத்தியத்தை எல்லாம் ஊரிலேயே முடித்துக்கொண்டு விமானம் ஏறட்டும். அந்த ஆடுகிற கடைவாய்ப் பல்லையும் சேர்த்துத்தான்.

நமக்கு வேண்டியது ஒரு கதவு. நல்ல காம்ப்ரிஹென்சிவ் பாலிசிகளில் அந்தக் கதவு இருக்கும். அதன் பெயர் 'அக்யூட் ஆன்செட்'. பழைய நோயே ஆனாலும், முன்னறிகுறி எதுவும் இல்லாமல் திடீரென்று வெடித்து, உடனே பார்க்காவிட்டால் ஆபத்து என்ற நிலை வந்தால், குறிப்பிட்ட தொகை வரை கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு நிபந்தனை வைத்திருப்பார்கள்: அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். மெல்ல மெல்ல முற்றியது என்றால் கிடையாது. ரொம்ப நாளாக இருந்தது என்றால் கிடையாது.

இப்போது நம் அப்பாவை இதற்குள் வைத்துப் பார். நெஞ்சில் ஏதாவது பிடித்தால் அவர் முதலில் என்ன சொல்வார்? வாயு. அம்மா ஓமத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். குடித்துவிட்டு, ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று படுத்துக்கொள்வார். மறுநாள் திரும்ப வந்தால் இஞ்சிச் சாறு. பிள்ளை வேலைக்குப் போகிறான், அவனைத் தொந்தரவு பண்ண வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போனால் டாலர் டாலராகப் பிடுங்குவான் என்று இரண்டு பேரும் அடுக்களையில் நின்று குசுகுசுவென்று முடிவு பண்ணுவார்கள். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் உன்னைக் கூப்பிடும்போது உயிருக்கும் ஆபத்து, 24 மணி நேரமும் போய்விட்டிருக்கும். உனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நினைத்தே பெரிய செலவை வைத்துவிடுவார்கள். மதுரைக்குப் போவதற்கு முன்னால் நான்கு நாள் இதேதானே நடந்தது? அம்மா அதை இன்னும் 'வாயுத் தொந்தரவு வந்த வருஷம்' என்றுதான் சொல்கிறாள்.

அதனால் வந்திறங்கிய அன்றே ரேவதியை வைத்துக்கொண்டு அவரிடம் சொல்லிவிடு. நெஞ்சு, தாடை, இடது கை, மூச்சு, திடீர் வியர்வை, இதில் எது வந்தாலும் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். அப்போது யாரும் பாலிசியைத் தேட வேண்டாம், 911தான். எமர்ஜென்சிக்கு வருகிறவரைப் பணம் இல்லை என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று இந்த நாட்டில் 1986லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். காசைப் பற்றிப் பிறகு பேசலாம். சளி, காய்ச்சல், காது வலிக்கு மட்டும் பக்கத்து அர்ஜென்ட் கேர். அது நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து ஃபிரிட்ஜில் ஒட்டிவை. வெறும் காய்ச்சலுக்கு எமர்ஜென்சிக்குப் போய்ப் படுக்காமல் திரும்பி வந்தால் சில பாலிசிகள் கூடுதலாக ஒரு தொகையை நம் தலையில் கட்டும்.

இன்னொன்று, நான் செய்த முட்டாள்தனம். மணிக்கட்டு உடைந்த அன்று நர்ஸ் விசாரித்தபோது அம்மா சொன்னாள், "இந்தக் கை எப்பவுமே கொஞ்சம் நோவும்." மாவு பிசைந்தால் வருகிற நோவு அது. நான் அரைத் தூக்கத்தில் அதை அப்படியே இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன். அது ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஏறிவிட்டது. கிளெய்ம் போட்டதும் இன்ஷூரன்ஸ்காரன் அதைப் பிடித்துக்கொண்டு, ஊரில் இந்தக் கைக்குப் பார்த்த வைத்தியத்தின் குறிப்பெல்லாம் வேண்டும் என்றான். பாளையங்கோட்டையில் யாருக்கு இருக்கிறது குறிப்பு? சீட்டில் மாத்திரை பெயர்தான் இருக்கும். அப்பா டாக்டர் வீட்டுக்கு நாலு நடை நடந்து கடிதம் வாங்கி அனுப்பினார். அந்த 1,600 வருவதற்கே ஐந்து மாதம் ஆனது. மீதிக்கு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு செலவையும் பிரித்து எழுதிய பில் கேட்டு, இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கான தள்ளுபடியும் கேட்டதில் கொஞ்சம் குறைத்தார்கள். அத்தான்தான் 14 மாதம் தவணை கட்டினார்கள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொன்னால் கிளெய்ம் மொத்தமாகப் போய்விடும். கேட்டதற்கு மட்டும், நாள் மணிக் கணக்கோடு சரியாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு 'கொஞ்ச நாளாவே' என்பது பேச்சுக்குத் தாளம் மாதிரி, காலையில் வந்த தலைவலியையும் அப்படித்தான் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள், ஆஸ்பத்திரியே போனில் தமிழ் பேசுகிறவரைப் பிடித்துத் தரும், நம்மிடம் காசு வாங்க மாட்டார்கள். பதற்றத்தில் நாம் மொழிபெயர்ப்பதைவிட அது நல்லது.

அப்பாவின் வயதையும் பார். பல பாலிசிகளில் 70 ஒரு கோடு, 80 இன்னொரு கோடு. தாண்டினால் பிரீமியம் ஏறும், பாலிசித் தொகையும் அக்யூட் ஆன்செட் தொகையும் இறங்கும். அப்பா ஆவணியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்து வாத்தியார் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். தானும் வாத்தியாராகி எத்தனை பிள்ளைகளை ஜூனில் பிறக்க வைத்தாரோ தெரியாது. பாஸ்போர்ட் கணக்குப்படி வருகிற ஜூனில் 70 ஆகிறது. டிக்கெட் மே 24 என்றாய். பாலிசி தொடங்குகிற தேதியில் இருக்கிற வயதைத்தான் கடைசி வரை எடுப்பார்களா, நடுவில் 70 ஆனதும் தொகை மாறுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள். போனில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும்.

பாலிசி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிற நாளிலிருந்தே தொடங்கட்டும். நடுவில் தோகாவில் ஏதாவது ஆனாலும் உதவும். மூன்று மாதத்துக்கு எடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்காதே. நடுவே விட்டுப்போய்ப் புதிதாக எடுத்தால், முதல் மூன்று மாதத்தில் வந்த நோய் புதுப் பாலிசிக்குப் பழைய நோய் ஆகிவிடும். ஆறு மாதத்துக்கும் சேர்த்தே எடு. முன்னதாகத் திரும்பினால், கிளெய்ம் எதுவும் போடாதிருந்தால், மிச்ச நாளுக்குப் பணம் திருப்பித் தருகிற பாலிசியா என்று பார்த்து வாங்கு.

ஊரில் ஏஜென்ட் மாமா ரூபாயில் மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்றாராம். அவருக்கு நான் விரோதி இல்லை. ஆனால் அங்கே விற்கிற பல பாலிசிகளில் 60 வயதுக்கு மேலே போனால் அறை வாடகைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உள்வரம்பு போட்டிருப்பார்கள். திரும்பவும் மொய் நோட்டுதான். மாமாவிடம் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

கனடாவில் பெற்றோரைக் கூட்டி வருகிற சூப்பர் விசாவுக்கு ஒரு லட்சம் கனடிய டாலருக்கு இன்ஷூரன்ஸ் காட்டியே ஆக வேண்டும், ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ. இங்கே விசிட்டர் விசாவுக்கு யாரும் கேட்பதில்லை. அதனாலேயே இங்கே எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் சாமி மேல் பாரத்தைப் போட்டு அப்பா அம்மாவைக் கூட்டி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லைதான். அதை எனக்கு உதாரணமாகச் சொல்லாதே.

அப்பாவின் இதய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கச் சொல்கிறேன்: ஸ்டென்ட் வைத்த தேதி, இப்போதைய நிலை, பயணம் போகலாம் என்ற வார்த்தை, மாத்திரைகளின் மூலப்பெயர். எக்கோஸ்பிரின் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது, ஆஸ்பிரின் என்று இருக்க வேண்டும். டோலோவைப் பாராசிட்டமால் என்றாலும் விழிப்பார்கள், இங்கே அது அசிட்டமினோஃபென். அதையும் ஈசிஜி ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து மூன்று பேர் போனிலும் வைத்துக்கொள்வோம்.

2,300ல் பாதி என் பங்கு. அப்பாவுக்குத் தொகையைக் கூட்டினால் அதிலும் பாதி. வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. எவ்வளவு ஆனது என்று மட்டும் அப்பாவிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் டிக்கெட்டையே கேன்சல் பண்ணச் சொல்வார்.

ரேவதிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

அன்புடன்,
அக்கா

பி.கு.: அம்மா எப்படியும் அரைக் கிலோ ஓமம் கட்டிக்கொண்டு வருவாள். பிடுங்கி வைக்காதே, வருத்தப்படுவாள். அப்பாவுக்கு அதைக் கொதிக்க வைக்கிற வாசனை வந்தால் உடனே உனக்குப் போன் போட வேண்டும் என்று ரேவதியிடம் சொல்லி வை.