காரை மண்ணில் ஒரு வகுப்பு

திருச்சி–பெரம்பலூர் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் மக்காச்சோளக் காடுகளும் பருத்திக் காடுகளும் சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்புறம் நிழல் கிடையாது. மழை கீறி ஆழமாக்கிய ஓடைகள். அவற்றுக்கு நடுவே கூம்பு கூம்பாகச் செம்பழுப்பு மேடுகள். காரை கிராமத்தை ஒட்டிய இந்தக் களிமண் நிலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலடியாக இருந்தது. குனிந்தால் பெலம்னைட் கிடைக்கும். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான ஓர் உயிரின் உள்ளோடு அது, தோட்டா வடிவில் இருக்கும். சிப்பிகள் கிடைக்கும். அதிர்ஷ்டமிருந்தால் சுறாப் பல்லும் கிடைக்கும். நிலவியல் படிக்கும் பிள்ளைகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இங்கே வந்து இறங்குகிறார்கள். என் மாணவர்களை நானும் வருடந்தோறும் கூட்டிவருகிறேன்.

இறங்கியதும் புதைபடிவத்தைப் பற்றி நான் பேசுவதில்லை. மேடுகளைக் காட்டி, இவை ஏன் இப்படி நிற்கின்றன என்று கேட்பேன். தண்ணீரைக் குடித்து உப்பி, காய்ந்ததும் சுருங்கி வெடிக்கிற களிமண், ஊடே ஜிப்சம் நரம்புகள் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அப்படியானால் மேட்டின் விளிம்பில் நின்றால் என்னாகும், மழை பெய்த மறுநாள் ஓடைக்குள் இறங்கினால் என்னாகும் என்று அடுத்த கேள்வி. அதற்கு விடை சொன்ன பிள்ளை விளிம்புக்குப் போகமாட்டாள். பாதுகாப்பு விதிகளைத் தாளில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம், வாங்கத்தான் வேண்டும். ஆனாலும் மண்ணைப் படிக்கிற வேலையோடு சேர்த்துச் சொன்னதே மனத்தில் நிற்கிறது.

கிளம்புமுன் பெற்றோர் என்னிடம் கேட்பது பாம்பைப் பற்றி. நியாயமான பயம். கடிபட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்று முன்பே விசாரித்து ஓட்டுநருக்கும் சொல்லிவைப்பேன். ஆனால் நான் அதிகம் பயப்படுவது பாம்புக்கு அல்ல. மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலுக்கு.

காலை 11 மணிவாக்கில் ஜிப்சத் தகடுகளில் வெயில் பட்டுக் கண் கூசும். அந்த நேரத்தில் எல்லோருடைய பாட்டிலையும் பார்ப்பேன். பையன்களுடையது பாதி காலியாகியிருக்கும். பெண்பிள்ளைகள் பலருடையது அப்படியே நிறைந்திருக்கும். “குடிம்மா” என்றால், “தாகமே இல்ல மேடம்” என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புதர்கூட இல்லாத வெளியில், குடித்தால் அப்புறம் எங்கே போவது என்ற கணக்கு அது. மாதவிலக்கு நாளென்றால் கணக்கு இன்னும் கடுமையாகிவிடும். முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வெப்பத் தளர்ச்சி தலைவலியாகவும் குமட்டலாகவும் தொடங்கும். பேச்சு குழறி நடை தள்ளாடினால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் புகட்டக்கூடாது. இதையெல்லாம் முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓஆர்எஸ் பொட்டலங்களையும் துறைகள் தவறாமல் வாங்குகின்றன. கழிப்பறையை மட்டும் யாரும் திட்டமிடுவதில்லை. இது எனக்குத் தீராத கோபம்.

அதனால் பக்கத்து ஊரில் ஒரு வீட்டிலோ பள்ளியிலோ முன்கூட்டியே பேசிவைத்துவிடுகிறேன். குறித்த நேரத்தில் பேருந்து அங்கே போய்வரும். யாரும் வந்து அனுமதி கேட்க வேண்டாம், ஏறிக்கொண்டால் போதும். கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்தால் கூச்சமுள்ள பிள்ளை கடைசிவரை கேட்கமாட்டாள். குழுவில் ஓர் ஆசிரியையாவது இருக்க வேண்டும் என்பதிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்த மண்ணில் கிடைக்கும் சுருண்ட ஓடுகளான அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் 1860-களில் தொடங்கி வகைப்படுத்தி விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்தவர். 1874 ஜூனில், யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில், காரகோரம் கணவாயைக் கடந்தபின் லடாக்கின் முர்கோவில் இறந்துபோனார். உயரமான மலைகளில் உடம்பைத் தாக்கும் நோய். வயது 36. தலைவலி தொடங்கிய பிறகும் அவர் பாறை பார்ப்பதை விடவில்லை. கையில் ஓர் அம்மோனைட்டை வைத்துக்கொண்டு இந்தக் கதையை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அவருடைய உழைப்பை வணங்குகிறேன். அந்தப் பிடிவாதத்தைப் பின்பற்றச் சொல்லமாட்டேன். உடம்பைப் பாராமல் உழைத்தார் என்பதை இன்றைக்கும் எங்கள் துறையில் பாராட்டாகவே பேசுகிறோம். அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை “முடியல மேடம்” என்று சொல்லத் தயங்குகிறது. சொன்னால் மதிப்பெண் குறையாது என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த நாள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வேலை நடக்கும் சுரங்கத்தில் எனக்குக் கவலை குறைவு. ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்; வெடி வைக்கும் நேரம் தெரியும், சங்கு ஊதும். வெட்டுமுகத்தின் அடியில் நிற்காமலும், சுத்தியலால் தட்டும்போது கண்ணாடி போட்டும் இருந்தால் பெரும்பாலும் போதும். கைவிட்ட குழிகள்தான் ஆபத்து. பச்சைத் தண்ணீர் நிறைந்து, பார்க்க ஏரி மாதிரி அழகாக இருக்கும். வெயிலில் வாடிய பையன்களுக்குக் குதிக்கத் தோன்றும். ஏரிக்கரை சரிந்து இறங்கும்; செங்குத்தாக வெட்டிய குழியில் ஓர் அடி வைத்ததுமே ஆழம்.

2014 ஜூன் 8 அன்று ஹிமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், சுற்றுலா வந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வந்து 24 மாணவர்களைக் கொண்டுபோய்விட்டது. ஆறு அமைதியாகத் தெரிந்தது. அது எப்போது ஏறும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அந்தச் செய்தியைப் படித்த ஆசிரியர் யாரும் அதை மறக்க முடியாது.

சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதால்தான் காரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரை எங்களோடு வரச்சொல்கிறேன். “அந்தப் பக்கம் வேணாம்மா, போன மழையில அடியில அரிச்சுக் கிடக்கு” என்பார். மேலே தரை உறுதியாகத்தான் தெரியும். கீழே சுற்றிப் போய்ப் பார்த்தால் குடைந்திருக்கும். “சரிங்கய்யா” என்று வழியை மாற்றிவிடுவோம். அவருக்கு ஒருநாள் கூலி கொடுக்க வேண்டும் அல்லவா? பயண விண்ணப்பப் படிவத்தில் பேருந்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கட்டம் உண்டு. உள்ளூர் வழிகாட்டியின் கூலிக்கு இல்லை, கழிப்பறை ஏற்பாட்டுக்கும் இல்லை. அப்படி ஒரு செலவு விதியில் இல்லை என்று கோப்பு திரும்பி வரும். இந்த ஆண்டும் இரண்டையும் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரிக்குள் அனுமதி வராமல் மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போனால் பயணத்தை ரத்து செய்துவிடுவேன் என்று அதற்குக் கீழே குறித்திருக்கிறேன்.