குதிரைகளை விட்டுக்கொடுத்த தளபதி

கரிசல் காட்டில் பருத்தி விலை இறங்கினால் தாத்தா அமெரிக்கச் சண்டையை இழுத்துவிடுவார். 1861இல் அங்கே வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டன. தெற்கத்தித் துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் மறித்தன. லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவிக்க, திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு யோகம் அடித்தது. சண்டை ஓய்ந்ததும் விலை சரிந்தது. இது அவருக்கு அவர் தாத்தா சொன்னது.

அந்தச் சண்டையை எங்களுக்கு விரித்துச் சொன்னவர் சித்தப்பா, வரலாற்று வாத்தியார். லீவில் வந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் வடக்கின் தளபதி யுலிஸஸ் கிராண்ட் கதைதான்.

ஒஹையோவில் தோல் பதனிடுகிறவரின் மகன். தோல் வேலை பிடிக்காது, குதிரை என்றால் உயிர். எட்டு வயதில் ஒரு குட்டியைக் கேட்டு அடம்பிடித்தான். “முதலில் 20 டாலருக்குக் கேள், மசியாவிட்டால் 22.50, அதற்கும் மசியாவிட்டால் 25” என்று அப்பா அனுப்பினார். பையன் விற்பவரிடம் போய் மூன்றையும் அப்படியே ஒப்பித்துவிட்டான்! மாட்டுத்தாவணியில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிப் பழகிய தாத்தா புரையேறச் சிரித்தார். “சூது தெரியாத பயல்லடா” என்றார்.

வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்து, அதை விட்டு விலகி, செயின்ட் லூயிஸ் தெருவில் விறகு விற்ற அந்த மனிதர்தான் பின்னால் சண்டையில் தெற்கின் ஆற்றங்கரை ஊரான விக்ஸ்பர்க்கைப் பிடித்தார். சித்தப்பா கரிக்கட்டியால் திண்ணையில் மிசிசிப்பி ஆற்றை வரைந்தார். ஆறு சடாரென்று வளைகிற இடம், மேலே மேடு, மேட்டில் பீரங்கிகள். வடக்கிலிருந்து நெருங்க வழியில்லை, சதுப்பு. கால்வாய் வெட்டிப் பார்த்தும் பலிக்கவில்லை. 1863 ஏப்ரலில் ஓர் இரவு, கப்பல்கள் பீரங்கிகளின் வாய்க்கு முன்னாலேயே கீழே ஓடின. கிராண்ட் தெற்கே ஆற்றைக் கடந்து, மே மாதத்தில் அடுத்தடுத்து ஐந்து சண்டைகளில் ஜெயித்து, ஊரை வளைத்தார். 47 நாள் முற்றுகை. ஊர்க்காரர்கள் மண்ணைக் குடைந்து குகைகளில் ஒண்டினார்கள். கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். தாள் தீர்ந்து, சுவரில் ஒட்டும் தாளின் பின்பக்கத்தில் பத்திரிகை அச்சடித்தார்கள். ஜூலை 4 அன்று சுமார் 29,000 படைவீரர்களோடு தெற்கின் தளபதி பெம்பர்டன் சரணடைந்தார். அடுத்த சில நாளில் ஆறு முழுக்க வடக்கின் கைக்கு வந்தது. தெற்கு இரண்டாகப் பிளந்தது.

“அந்தப் பருத்தியை விளைவிச்சவங்க யாரு?” என்று தாத்தா கேட்டார். அடிமைகள் என்றார் சித்தப்பா. அவர்களை விடமாட்டேன் என்றுதான் தெற்கு பிரிந்தது என்றார். தாத்தா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யோகம் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

1864இன் சண்டைகளில் நேர்ந்த உயிர்ச்சேதத்தைப் பார்த்து கிராண்டைக் கசாப்புக்காரர் என்றவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். 1865 ஏப்ரலில் அப்பொமாடக்ஸில் தெற்கின் தளபதி லீ சரணடைந்தபோது, தங்கள் சொந்தக் குதிரையை, கோவேறு கழுதையை எதிரிப் படையினர் வீட்டுக்கு ஓட்டிப் போகலாம் என்று விட்டவரும் அவர்தான். உழவுக்கு வேண்டுமே! பசித்திருந்த அவர்களுக்கு 25,000 பேருக்கான உணவும் அனுப்பினார்.

சித்தப்பா இதைச் சொன்னதும் தாத்தா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “அவன் சம்சாரிடா. ஏர் பிடிச்சவனுக்குத்தான் அது தோணும்” என்றார். உண்மைதான், பதினொரு வயதிலேயே உழத் தொடங்கியவர் கிராண்ட். மறுநாள் களத்துமேட்டில் தாத்தா இதையே கூடியிருந்தவர்களுக்குச் சொன்னார், ஆற்றையும் குச்சியால் வரைந்து காட்டி.